மரத்துக்குக் கொடுத்த வாய்

1

பொம்மலாட்டம் என்றதும் நமக்கு ஒரு தத்துவம் தயாராகக் கைவசம் இருக்கிறது. மேலே ஒருவன், கயிறு அவன் விரலில், நாம் ஆடுகிறோம். கதாகாலட்சேபத்திலிருந்து சினிமாப் பாட்டு வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்தாகிவிட்டது. சொந்த புத்தி இல்லாத மந்திரிக்கும் பொம்மை என்றே பெயர். இந்த உவமையை நானும் யோசிக்காமல் பல தடவை கையாண்டிருக்கிறேன்.

பர்மியப் பொம்மலாட்டத்தைப் பற்றிப் படிக்கவும், பின்னர் 2014ல் மாந்தலேயில் அதைப் பார்க்கவும் வாய்த்தபோது இந்த உவமை முறிந்துபோயிற்று. அங்கே ஏறத்தாழ நூறு வருஷ காலம் பொம்மைக்கு இருந்த சுதந்திரம் மனிதனுக்கு இருக்கவில்லை. மனிதன் செய்யக் கூடாததை மரம் செய்தது. மனிதன் ஏறக் கூடாத இடத்தில் மரம் ஏறிற்று. மனிதன் சொன்னால் தலை போகக்கூடியதை மரம் சொல்லிற்று என்கிறார்கள். அடிமைக்கு உவமை என்று நாம் வைத்திருந்த பொருளே அங்கே சுதந்திர புருஷன். இதைப் படித்த முதல் தினத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கலை எப்படியோ தன் வழியைக் கண்டுகொள்கிறது பார், என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கு யோசித்துப் பார்க்கிறேன்.

2

யொக்தே என்பது அதன் பர்மியப் பெயர். சிறிய உருவம் என்று அர்த்தம். கொன்பவுங் வம்சத்து அரசர் ஸிங்கு 1776ல் பட்டத்துக்கு வந்தார். அவர் காலத்தில் கேளிக்கைகளுக்கென்றே தபின்வுன் என்று ஒரு அதிகாரி இருந்தார் என்றும், ஊ தோ என்ற அந்த அதிகாரிதான் பொம்மலாட்டத்துக்கு விதிகள் வகுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. கலைக்கு மந்திரி ஏற்படுத்துவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இரண்டு, இரண்டரை அடி உயரப் பொம்மைகள். ஒரு குழுவுக்கு 28 என்பது மரபான கணக்கு. அபிதம்மம் சொல்லும் ரூபங்கள் 28 என்பதோடு இதைச் சேர்த்துச் சொல்வதுண்டு. முக்கியமான பொம்மைகளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது கயிறுகள். ஆட்டம் இரவு முழுவதும் நடக்கும். சைங்வைங் என்னும் வட்ட வரிசை மேளங்கள் முழங்கியதும் முதலில் நாட் என்னும் ஆவிகளுக்கு வணக்கம். பிறகு இமவந்தம், அதாவது இமயத்துக் காடு. குதிரை வரும், குரங்கு வரும், பிலூ என்கிற அரக்கர்கள் வருவார்கள், யானையும் புலியும் வரும், ரசவாதியான ஸோஜி தன் கோலோடு பறந்து திரிவான். உலகம் உண்டாகிக் காடு நிரம்பிய பிறகுதான் அரசவை. நான்கு மந்திரிகள், அரசர். அதற்கப்புறம் இளவரசனும் இளவரசியும். அப்புறம்தான் கதை, பெரும்பாலும் புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று. அண்டத்தில் ஆரம்பித்து ஒரு மனிதனின் தர்மசங்கடத்தில் வந்து நிற்கும் இந்த வரிசையிலேயே ஒரு முழுப் பார்வை இருக்கிறது.

ஆனால் என்னை இழுத்தது மேடையின் உயரம். பர்மாவில் தலை புனிதமானது. பெரியவர்களின் தலைக்கு மேலே தன் கால் இருக்கும்படி ஒருவன் நிற்பது மரியாதைக் கேடு. நடிகன் மேடையேறினால் கீழே உட்கார்ந்திருக்கும் பிரபுக்கள், பிக்குகள், ஏன், அரசரின் தலைக்கும் மேலே அவன் கால் போய்விடும். ஆகவே மனிதர் ஆடும் ஆட்டம் தரையில் நடந்தது. மரத்துக்கு இந்தத் தடை இல்லை. மூங்கில் மேடை கட்டிப் பொம்மையை உயரத்தில் ஆடவிட்டார்கள். அம்யின் தபின், உயர்ந்த ஆட்டம், என்று பொம்மலாட்டத்துக்குப் பெயர் வந்தது. மனிதர் ஆடியது தாழ்ந்த ஆட்டம். உயர்வு தாழ்வு என்பது இங்கே முதலில் வெறும் இடத்தைக் குறித்த சொல்தான். ஆனால் இடத்தைக் குறிக்கும் சொல் மதிப்பைக் குறிக்கும் சொல்லாக மாற எத்தனை நாள் ஆகும் என்பது ஜாதி உள்ள ஒரு தேசத்தில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வெட்கம். ஆணும் பெண்ணும் சபையில் காதல் மொழி பேசுவதும் தொட்டுக்கொள்வதும் தகாது என்று கருதப்பட்ட காலம். இளவரசனும் இளவரசியும் நள்ளிரவு தாண்டி ஒருவருக்கொருவர் பாடும் காட்சியைப் பொம்மைகள் செய்தன. வள்ளுவர் வெட்கம் இல்லாதவனின் நடமாட்டத்தை, நாணால் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பிட்டது நமக்குத் தெரியும். நாண் என்றால் வெட்கம். நாண் என்றால் கயிறு. அகத்தில் ஒன்று இல்லாதவனைப் புறத்தில் மற்றொன்று ஆட்டுகிறது. பர்மியர்கள் இதே இரண்டையும் வேறு விதமாகக் கோர்த்திருக்கிறார்கள். அங்கே மனிதனுக்கு நாண் இருந்ததால்தான் பொம்மைக்கு நாண் கட்டப்பட்டது.

மூன்றாவது, பேச்சு. அரசருக்குப் பிடிக்காத சமாசாரம், அதிகாரிகளின் கொள்ளை, ஜனங்களின் குறை, இவற்றைக் கோமாளிப் பொம்மையோ மந்திரிப் பொம்மையோ சொன்னால் தண்டனை இல்லை என்று ஒரு வழக்கம் இருந்ததாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்த மூன்றாவதுதான் என் பிரச்னை.

3

பொம்மை பேசியது என்றால் பேசியது யார்?

திரைக்குப் பின்னால் கயிறு பிடிப்பவன் ஒருவன். குரல் கொடுத்துப் பாடுபவன் வேறொருவன். எதிரே தெரிவது மரம். கை ஒருவனுடையது, குரல் ஒருவனுடையது, முகம் யாருடையதும் இல்லை. ஒரு செயலை இப்படி மூன்றாகப் பிரித்துவிட்டால் குற்றம் எங்கே போய் உட்காரும்? கயிறு பிடித்தவன் தான் கையைத்தான் அசைத்ததாகச் சொல்லலாம். பாடியவன் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லலாம். மரத்தைச் சிரச்சேதம் செய்ய முடியாது.

இதைச் சாமர்த்தியம் என்று மெச்சலாம். ஆனால் அரசர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. ஒரு மனிதன் எதிரே வந்து நின்று, “என் நிலத்தை உன் ஆள் பிடுங்கிக்கொண்டான்” என்று சொன்னால் அரசர் இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும். அவனுக்கு நியாயம் வழங்க வேண்டும். அல்லது அவனைத் தண்டிக்க வேண்டும். இரண்டுமே பதில்தான். பொம்மை சொல்லும்போது பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை. அரசர் சிரிக்கலாம், வெற்றிலையை மென்றுகொண்டு “நன்றாகச் சொன்னான்” எனலாம், எழுந்து போகலாம். உண்மையைக் கேட்ட பெருமை அவருக்குக் கிடைத்துவிடுகிறது. பதில் சொல்லும் கடமை இல்லை. மரத்துக்கு வாய் கொடுத்த அரசர் தாராள குணம் உள்ளவர் என்று நான் முதலில் எண்ணியது தவறு. தன் காலடியில் நிற்பவனின் வாயை எடுத்துத்தான் அதை மரத்துக்குப் பொருத்தினார்.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு. சொன்னது உண்மையா இல்லையா என்பது சொன்னவன் தலைக்கு ஆபத்து வந்ததா என்பதைப் பொறுத்ததா? இல்லை. ஒரு உண்மையைக் கிளி சொன்னாலும் அது உண்மையே. ஆனால் அநியாயத்தைச் சொல்வது வெறும் தகவல் தருவது இல்லை. அது ஒரு செயல். “இதை நான் ஏற்கவில்லை” என்பதும் அதற்குள் இருக்கிறது. தகவலுக்கு ஆள் வேண்டாம். ஏற்க மறுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். பொம்மை தகவலைத் தந்துவிடுகிறது. மறுப்பவனைத் திரை மறைத்துவிடுகிறது.

4

இந்தப் பிரச்னையில் நான் வெளியே நின்று பேசுகிறவன் இல்லை.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாவட்டத் தலைநகரில், ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஓய்வு பெற்றவர்களின் காகிதங்கள் எங்கள் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். மேலதிகாரி அவற்றுக்கு விலை வைத்திருந்தார். கிழவர்கள் வராந்தாவில் காத்திருப்பதைத் தினமும் பார்த்தேன். ஒரு சிறு பத்திரிகைக்குக் கதை எழுதினேன், புனைபெயரில். அதில் ஒரு அலுவலகம், ஒரு அதிகாரி, ஒரு கிழவர். முன்னூறு பிரதி அச்சாகிற பத்திரிகை. அவர் கண்ணில் படாது என்ற தைரியம். எப்படியோ பட்டுவிட்டது.

எங்கள் பிரிவில் பகிரங்கமாகப் புஸ்தகம் படிக்கிறவர் ஒருவர் இருந்தார், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். சந்தேகம் அவர் மேல் விழுந்தது. ஒரு மாதத்துக்குள் இருநூறு மைலுக்கு அப்பால் மாற்றல். அவர் மனைவி அப்போது நோயாளி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றல் எனக்கு வந்திருக்கும். சொல்லவில்லை. அவரை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெட்டியை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பி, “கதை நல்லா இருந்துது தம்பி” என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, கேலியும் இல்லை.

அந்தக் கதை உண்மையைச் சொன்ன கதை. இன்றும் அதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன். ஆனால் அதைச் சொன்னது யார் என்று கேட்டால், என்னால் “நான்” என்று சொல்ல முடிவதில்லை. சொன்னதற்கு விலை கொடுத்தவர் அவர். எழுதிய கை மட்டும் என்னுடையது.

5

பொம்மையைப் பற்றி யோசித்த ஐரோப்பியர்களில் க்ளைஸ்ட் முக்கியமானவர். 1810ல் அவர் எழுதிய கட்டுரையில், நாட்டியக்காரனிடம் காண முடியாத லாகவம் பொம்மையிடம் இருப்பதற்குக் காரணம் அதற்குத் தன்னைப் பற்றிய பிரக்ஞை இல்லாததே என்கிற வாதம் வருகிறது. பர்மாவில் இந்த வாதம் நடைமுறையாகவே இருந்தது. மனிதனின் நாட்டியத்தைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள். பிறகு பொம்மையைப் பார்த்து மனிதர்கள் ஆடக் கற்றார்கள். முழங்கையின் சடக்கென்ற மடிப்பு, கயிறு தளர்ந்ததுபோல் சட்டென்று தொய்ந்துவிடும் உடம்பு, இவை இன்றைக்கும் பர்மிய நாட்டியத்தின் லட்சணங்கள். ஆடுபவன் பொம்மைபோல் ஆடினான் என்றால் அது அங்கே பாராட்டு.

மாந்தலேயில் நான் பார்த்த நிகழ்ச்சியிலும் ஒரு பெண்ணும் ஒரு பொம்மையும் சேர்ந்து ஆடினார்கள். எது எதைப் பின்பற்றுகிறது என்று சிறிது நேரத்தில் மறந்துபோகும் அளவுக்கு அழகாக இருந்தது. அந்த அழகில் லயித்திருக்கும்போதே ஒரு எண்ணம். பிரக்ஞை இல்லாததால் பொம்மைக்கு லாகவம் வருகிறது. அதே காரணத்தால்தான் அதற்குத் தண்டனையும் வருவதில்லை. மனிதன் பொம்மையிடமிருந்து லாகவத்தைக் கற்கலாம். தண்டனையின்மையையும் கற்றுக்கொண்டால் என்ன ஆவான்? கயிற்றுக்கு ஏற்ப ஆடியதாகச் சொல்லித் தப்பித்த அதிகாரிகளை நாம் எல்லாத் தேசங்களிலும் பார்த்திருக்கிறோம்.

அந்த நிகழ்ச்சியில் இன்னொன்றும் நடந்தது. நடுவில் திரையைக் கொஞ்சம் உயர்த்திக் கயிறு பிடிப்பவரையும் காட்டினார்கள். கம்பின்மேல் சாய்ந்த உடம்பு, வேலை செய்யும் விரல்கள். வெளிதேசத்துப் பயணிகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வெளியே வந்தபின்தான் உறைத்தது: பொம்மை ஆபத்தாக எதுவும் பேசாதபோதுதான் திரையை உயர்த்த முடியும்.

6

கடைசி அரசர் தீபாவை 1885ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். சில மாதங்கள் நம் சென்னையில் வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். 1916ல் அங்கேயே இறந்தார். அரசவை போனதும் பொம்மலாட்டத்துக்கு ஆதரவு போயிற்று. தரையில் ஆடிய மனிதர்கள் மேடையேறினார்கள்; போ ஸெய்ன் போன்ற பெரிய நடிகர்கள் இருபதாம் நூற்றாண்டில் மனிதனின் காலை ஜனங்களின் தலைக்கு மேலே வைத்தார்கள். மரத்துக்கு மட்டும் இருந்த உயரம் மனிதனுக்கும் கிடைத்தது. பேச்சு கிடைத்ததா?

அன்யெய்ன் என்னும் ஆட்டம், நடனமும் கோமாளிப் பேச்சுமாக இன்றுவரை தொடர்கிறது. மாந்தலேயில் மீசைச் சகோதரர்கள் என்ற ஒரு குழு இருந்தது. அவர்களில் பா பா லே 1996 ஜனவரி 4ம் தேதி, சுதந்திர தினத்தன்று, ரங்கூனில் ஆங் ஸான் சூச்சியின் வீட்டில் நடந்த நிகழ்ச்சியில் ராணுவ ஆட்சியைக் கிண்டல் செய்தார். அவருக்கும் லு ஸாவுக்கும் ஏழு வருஷ தண்டனை, கடின உழைப்போடு. 2001ல் விடுதலை. பொது இடத்தில் ஆடத் தடை. ஆகவே வீட்டு முன்னறையில், வெளிதேசத்தவருக்கு முன்னால் ஆடினார்கள். 2007ல் பா பா லே மறுபடி கைதானார். 2013ல் இறந்தார். நான் மாந்தலே போனபோது அவர் இல்லை. 2019ல் ‘மயில் தலைமுறை’ என்ற இளைஞர் குழு, தண்ணீர்த் திருவிழாவில் பாடும் தங்யாட் என்னும் நையாண்டிப் பாட்டில் ராணுவத்தைக் கேலி செய்ததற்காகச் சிறை சென்றது. அப்போது அங்கே இருந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கம். 2021 பிப்ரவரி 1ல் அதுவும் கவிழ்க்கப்பட்டது.

இவர்களுக்கும் பொம்மைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்கிறேன். இவர்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். ஆட்சிக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறை என்பது ஆட்சி சொன்ன பதில். கேவலமான பதில்தான், ஆனாலும் பதில். அந்தப் பதிலின் மூலம் ஆட்சி தான் யார் என்று காட்டிக்கொண்டது. பொம்மைக்குச் சிரித்த அரசர் தன்னைக் காட்டிக்கொள்ளவே இல்லை.

7

இங்கேயே முடித்தால் கட்டுரை சுத்தமாக முடியும். முகம் காட்டியவன் வீரன், மறைந்தவன் கோழை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவன் சிறைக்குப் போகாததைக் குறை சொல்லும் விமர்சனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொம்மலாட்டக்காரனுக்கும் குழந்தை குட்டிகள் இருந்தன.

தவிர, அரசர் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். பொம்மை அரசரிடம் பேசியதாக வைத்துக்கொண்டேன். தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஜனங்களை மறந்துவிட்டேன். தன் மனதுக்குள் மட்டும் இருந்த வார்த்தை மேடையிலிருந்து வருகிறது. பக்கத்துப் பாய்க்காரனும் சிரிக்கிறான், அதற்கடுத்த பாய்க்காரியும் சிரிக்கிறாள். அரசர் பதில் சொல்லாவிட்டால் என்ன? தான் தனியாக இல்லை என்பது ஒருவனுக்கு அந்த இரவில் தெரிந்துவிட்டது. என் கதையையும் அலுவலகத்தில் ரகசியமாகக் கை மாற்றிப் படித்தார்கள். வராந்தாவில் அன்றைக்கு ஏதோ லேசாக இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

மற்றொன்று. திரைக்குப் பின்னால் பாடியவர்கள் யாரென்று தெரியாமல் இல்லை. பேர் பெற்ற பாடகரின் குரலுக்காகவே ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அரசருக்கும் தெரியும். அது மறைவே இல்லை. பார்க்காததுபோல் இருப்போம் என்று இரண்டு தரப்பும் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒப்பந்தம் எந்த நிமிஷமும் உடையலாம். உடைந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. குரல் அவனுடையது. அவன் பாடியதற்கு இன்னொருவனைக் கொண்டுபோக முடியாது. என் புனைபெயர் அப்படிப்பட்டது இல்லை. என்னை முழுவதுமாக மறைத்தது. ஆகவே தண்டனை வந்தபோது தேடிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போயிற்று. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். திரை போட்டுக்கொள்ளலாம். திரைக்குப் பின்னால் இருப்பவன், வேளை வந்தால், தானாகவே வெளியே வர வேண்டும். வராதபோது அந்தக் கயிற்றின் மறுமுனையில் மரத்துக்குப் பதில் ஒரு மனிதன் தொங்குகிறான்.

8

பழைய பொம்மைகளை யமனே என்கிற மரத்தில் செதுக்கினார்கள். அது நம் ஊர்க் குமிழ மரம்தான். அந்தப் பொம்மைகளில் ஒரு விசேஷம் உண்டு. பட்டும் ஜிகினாவும் கணுக்கால்வரை மூடியிருந்தாலும், உள்ளே ஆணுக்கு ஆண் குறியும் பெண்ணுக்குப் பெண் குறியும் செதுக்கியிருப்பார்கள். மேடையில் அது யார் கண்ணிலும் படாது. எந்தக் கதைக்கும் தேவையில்லை. வெட்கத்தின் பொருட்டு மனிதனை விலக்கிவிட்டு ஆடவிட்ட பொம்மைக்குள், வெட்கப்படாமல் ஒருவன் முழு மனிதனைச் செதுக்கி வைத்திருக்கிறான். அரசரின் அனுமதியைக் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பது அவனுக்குக் குறைத்துச் செய்யக் காரணமாகவில்லை.

மாந்தலேயில் கடைத்தெருவில் நான் ஒரு இளவரசியை வாங்கிவந்தேன். பயணிகளுக்காகச் செய்தது. வீட்டுக்கு வந்து உடையை விலக்கிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே வெறும் கட்டை, இழைப்புளி போட்ட வழவழப்பு. புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். காற்றில் அதன் கை எப்போதாவது உயர்ந்து தாழும். அந்தப் பழைய கதை வந்த பத்திரிகையும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. சென்ற மாதம் அதை எடுத்து, கதையின் கீழே இருந்த புனைபெயருக்குப் பக்கத்தில் பேனாவால் என் பெயரை எழுதினேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. படிக்க வேண்டியவர் இறந்துபோய்ப் பல காலம்.